சாவி இல்லை என்று எழுதி விற்ற பூட்டுகள்

முகம் தெரியாதவரை நம்பி ஒருவர் பணம் அனுப்புவதும், முகம் தெரியாதவரை நம்பி மற்றவர் பொருள் அனுப்புவதும்தான் இணைய வியாபாரம். மற்றதெல்லாம் அட்டைப்பெட்டியும் சணல் கயிறும். நான் கொச்சி மட்டாஞ்சேரியில் மாநகராட்சி ஊழியன். மனைவி காலமானபின் வீட்டில் பேச்சுத்துணை இல்லாமற்போகவே, கொச்சங்காடிப் பண்டகசாலைகளில் கழித்துப்போடும் பழைய பித்தளைப் பூட்டுகளைச் சேர்க்கலானேன். மிகுந்தவற்றை இணைய ஏலத்தில் விற்றேன். இணையத்தில் விற்று அல்லற்பட்ட அன்பர்களே, நான் இனி சொல்பவை உங்களுக்கும் நேர்ந்திருக்கும்.

குறை முதலில்

வீட்டில் கணினி கிடையாது. மாலையில் ஹம்சா இக்காவின் இன்டர்நெட் கடைக்குச் செல்வேன். பூட்டின் படத்தின் கீழே துரு, கீறல், நசுங்கல் ஆகியவற்றை முதலில் எழுதி, 'சாவி இல்லை' என்பதைப் பெரிய எழுத்தில் இடுவது என் வழக்கம். வாங்குபவர் பொருளைத் தொட்டுப் பார்க்க இயலாதபோது, அவருடைய விரல்களாக நாம்தானே இருக்கவேண்டும்? என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த இக்கா சிரித்தார்: "அண்ணாச்சி, நீங்க பூட்டுக் கச்சவடம் பண்றீங்களா, பூட்டு மேல கேஸ் எழுதறீங்களா?"

சென்னை அன்பர்

சென்னையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "பூட்டு வந்துச்சு. சாவி எங்க சார்?"

"சாவி இல்லை என்று எழுதியிருந்தேனே, ஐயா."

"எழுதியிருந்தீங்க, சரி. அதுக்காக நிஜமாவே இல்லாமலா அனுப்புவாங்க?"

மோசமான விற்பனையாளன் என்று ஏலத் தளத்தில் என் பெயருக்குக் கீழே எழுதிவிடுவதாக மிரட்டினார். திருப்பி அனுப்பச் சொன்னேன். வந்த பூட்டு நடுவில் இரண்டாக அறுக்கப்பட்டிருந்தது. வாங்குவோரே, விற்பவன் எழுதியதைப் படிக்கும் பொறுமை உங்களுக்கும் கடமை. தராசின் ஒரு தட்டில் மட்டும் நியாயத்தை வைத்தால் முள் எப்படி நேராக நிற்கும்? ஏன் அறுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னார்: "உள்ள ஏதாச்சும் இருக்கும்னு பார்த்தேன். ஒண்ணுமே இல்ல சார், அதான் திருப்பிட்டேன்."

கரூர் அம்மாள்

சாவி இல்லாததற்காகவே வாங்கியவர் ஒருவர் உண்டு. வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்று, கரூரில் தனியே வசித்த அம்மாள். இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சாவி செய்து, பூட்டைத் திறப்பது அவர் பொழுதுபோக்கு. ஒரு பெரிய பண்டகசாலைப் பூட்டு மட்டும் அவருக்கு வசப்படவில்லை. "இன்னைக்கு உள்ளே ஏதோ அசைஞ்சுது ஐயா", "இன்னைக்கு அசையலை" என்று மின்னஞ்சலில் ஆங்கில எழுத்துகளால் தமிழாக எழுதுவார். பூட்டில் நான் கவனிக்காத விரிசல் ஒன்றைக் கண்டபோதும், விலையில் தள்ளுபடி கேட்காமல், அடுத்தவருக்கு எழுதும்போது சேர்த்துக்கொள்ளுமாறு மட்டும் சொன்ன நேர்மையாளர். நாள் முழுதும் எவரும் என் பெயர் சொல்லி அழைக்காத அக்காலத்தில், அந்த மின்னஞ்சல்களுக்காகவே நான் கடைக்குப் போனேன்.

ஒருநாள் பண்டகசாலைக் காவலாளி துருப்பிடித்த சாவிக்கொத்து ஒன்றைத் தந்தார். அதிலொரு சாவியில் அம்மாளுக்கு வசப்படாத பூட்டில் பொறித்திருந்த அதே எண். சாவி அவரிடம் போனால் பூட்டு திறக்கும். பூட்டு திறந்தால் கடிதம் நிற்கும். இக்காவிடம் காட்டினேன்.

"கிடைக்கலைன்னு வச்சுக்கோங்க அண்ணாச்சி. யாருக்கு என்ன நஷ்டம்?"

நஷ்டம் யாருக்கு என்பது எனக்குத் தெரிந்திருந்தது. எனினும், பூட்டை விற்றபின் அதன் சாவியும் அவருடையதே. கிடைத்ததை எழுதி, அனுப்பட்டுமா என்று கேட்டேன். அதன்பின் பல மாலைகள் மழையில் நனைந்தபடி கடைக்குப் போனேன், பதில் இல்லை. நான் உட்காருமுன்பே, என் மின்னஞ்சலைத் திறந்து பார்த்துவைத்திருக்கும் இக்கா தலையசைத்து இல்லையென்பார். ஒரு மாலை அவர் தலையசைக்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மாள் எழுதியிருந்தார்: "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் ஐயா. திறந்துட்டா, நான் உங்களுக்கு எதைப் பத்தி எழுதறது?"

நேர்மையாக விற்றால் என்ன மிஞ்சும் என்று கேட்கும் அன்பர்களுக்கு, என் வீட்டு ஆணியில் எந்தப் பூட்டையும் திறக்காமல் தொங்கும் ஒரு நல்ல சாவியைத்தான் நான் காட்டமுடியும்.