பாஸ்ட்டாகப் போன கதை

எழுபதுகளில் எனக்கு முப்பது வயது. தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதில் ஒன்று ‘பாஸ்ட்’. பாஸ்ட் பாசஞ்சர் ரயிலில் ஏறியவன் நான், அர்த்தம் தெரியாதா?

மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதி ஒன்றில் வேன் டிரைவர் வேலை கிடைக்கும்போலிருந்தது. இரண்டு நாளில் டாக்டர் கையெழுத்துடன் உடம்புப் பரிசோதனைப் பாரத்தைக் கொடுக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். செங்கல்பட்டு டாக்டரின் கம்பவுண்டர் சீட்டில் எழுதித் தந்தார்: ‘பாஸ்ட். காலை எட்டு மணி.’ வேகமாக வரவேண்டும், அவ்வளவுதானே!

“வெறும் வயித்தோட எப்டிய்யா மிதிப்ப? துன்னுட்டுப் போ” என்று மனைவி ஆறு இட்லி வைத்தாள். புது நீலச் சட்டை. “பாஸ்ட் கலரு அண்ணாத்த” என்று கடைக்காரர் சத்தியம் செய்து விற்றது. திருக்கழுக்குன்றத்திலிருந்து வேர்த்து விறுவிறுக்கச் சைக்கிளை மிதித்தேன். மலைக்கு வரும் கழுகுகூட அப்படிப் பறந்திருக்காது.

டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்னார். கழற்றியதும் அவர் முகம் மாறியது. குனிந்து பார்த்தேன். கழுத்து முதல் தொப்புள் வரை நீலம்!

“நெஞ்சு வலிக்குதா?”

“நீங்க கேட்டப்புறம் வலிக்குது சார்.”

நாடி பிடித்தார், அது குதிரை ஓட்டம் ஓடியது. மனைவியை நினைத்துக்கொண்டேன், இட்லியையும். கம்பவுண்டர் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு என் மார்பைத் துடைத்தார். பஞ்சு நீலமானது.

“யோவ், சாயம்யா! காலைல இன்னா துன்ன?”

“ஆறு இட்லிண்ணா.”

“துன்னாம வரச் சொல்லித்தான எழுதிகீது? பாஸ்ட்டுன்னா பட்டினிய்யா!”

“அப்ப சட்டக்காரன் சொன்ன பாஸ்ட்டு?”

“அது கெட்டிச் சாயம். ஒன்ன ஏமாத்திகீறான்.”

ஒரே வார்த்தை, மூன்று அர்த்தம். அதில் இரண்டில் நான் பெயில்.

டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, மறுநாள் வரச் சொன்னார். கெடுவின் கடைசி நாள். வெள்ளைச் சட்டை போட்டு, எச்சிலைக்கூட யோசித்து விழுங்கியபடி போனேன். ரத்தம் எடுத்து, காத்திருக்க வைத்து, கடைசியில் பாரத்தில் டாக்டர் ஏதோ எழுதினார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘பிட்’.

பிட்ஸ் வருகிறவனுக்கு எவன் வண்டியைக் கொடுப்பான்?

“சார்! எங்க பரம்பரையிலேயே யாருக்கும் வலிப்பு இல்ல சார்!”

கம்பவுண்டர் தலையில் அடித்துக்கொண்டார். “ஐய! பிட்டுன்னா ஒடம்பு நல்லா கீதுன்னு அர்த்தம். டாக்டரு மனசு மாறதுக்குள்ள கெளம்பு!”

அங்கிருந்து மாமல்லபுரத்துக்கு மிதித்தேன் பாருங்கள், அது எனக்குத் தெரிந்த பாஸ்ட்.