படுக்கவிடாத பட்டாளத்தார்

குருசாமி அண்ணாச்சி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருந்துக்கடை வாசலில் நின்று ஆடுகளுக்குப் பூச்சிமருந்து வாங்கிக்கொண்டிருந்தேன். தோல் வியாபாரி காதர் பாய்தான் போனில் சொன்னார். "பட்டாளத்தார் போயிட்டாருய்யா. சுந்தரபாண்டியத்துக்கு வந்து சேரு." சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். நான் போனபோது தெருமுனையில் பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். படத்துக்குக் கீழே 'சாந்த சொரூபி' என்று போட்டிருந்தது. துக்க வீட்டில் சிரிக்கக் கூடாதுதான். ஆனாலும் அவரிடம் ஏச்சும் அடியும் வாங்கிய நாங்கள் நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே நுழைந்தோம்.

அண்ணாச்சிக்கு வாயைவிடக் கை முந்தும். பட்டாளத்தில் பனிமலைப் பக்கம் கோவேறு கழுதைகளைப் பராமரித்தவர். ஓய்வுபெற்று வந்ததும் ஆடு வாங்கித் தோட்டம் தோட்டமாகக் கிடை போட ஆரம்பித்தார். ஒருமுறை அடைமழையில் ஆட்டுக்குட்டிகளை வெட்டவெளியில் கட்டிப்போட்டுவிட்டு ஒருவன் கடைக்குள் உட்கார்ந்து புரோட்டா தின்றுகொண்டிருந்தான். அண்ணாச்சி உள்ளே போய் அவன் முடியைப் பிடித்து வெளியே இழுத்துவந்து, அந்தக் குட்டிகளுக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார். "ஏலே, நீ எம்புட்டு நேரம் நிக்கியன்னு பாப்போம்" என்றார். விவகாரம் போலீஸ் ஸ்டேஷன் வரை போனது. அங்கேயும் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.

என் குடும்பம் இன்று சோறு தின்பது அவர் அடித்த அடியால்தான். அந்தக் கார்த்திகை மழையை நம் பக்கத்து ஆட்டுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வ. புதுப்பட்டிக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பில் உரத்துக்காக எங்கள் ஆடுகளைக் கிடை அடைத்திருந்தோம். எனக்கும் என் மனைவி பேச்சிக்கும் நிலம் கிடையாது, வேறு தொழிலும் கிடையாது. எல்லாமே அந்த ஆடுகள்தான். இரண்டு பக்கமும் ஓடை பெருக்கெடுத்ததால் வெளியே ஓட்டிப்போக வழியில்லை. மலையிலிருந்து இறங்கிய ஊதல் காற்று தேங்காய்களைப் பிய்த்து எறிந்தது. பட்டப்பகலிலேயே தோப்பு இருண்டு கிடந்தது. திடீரென்று ஒரு மரம் முறிந்து கிடையைச் சுற்றிக் கட்டிய வலைமேல் விழ, மிரண்ட ஆடுகள் அத்தனையும் ஒரே மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அடியில் கிடந்தவை கத்தக்கூட முடியாமல் நசுங்கின. குளிரில் விறைத்த மற்றவை நின்ற இடத்திலேயே மடங்கிப் படுத்தன.

அந்த நேரத்தில்தான் மரம் முறிந்த சத்தம் கேட்டு அக்கரையிலிருந்து அண்ணாச்சி இடுப்பளவு வெள்ளத்தில் இறங்கி ஓடையைக் கடந்து வந்தார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பை எடுத்து விளாச ஆரம்பித்தார். மேலே ஏறிய ஆடுகளைக் காலைப் பிடித்து இழுத்து வீசினார். படுத்த ஆடுகளை முதுகிலும் தொடையிலும் மாறி மாறி அடித்தார். எங்கள் சினையாடு ஒன்றை அவர் மிதிப்பதைப் பார்த்ததும் பேச்சிக்கு ஆவேசம் வந்துவிட்டது. தழை பறிக்கும் தொரட்டிக் கம்பை எடுத்து அவர் மண்டையில் ஒரே போடு போட்டாள். ரத்தம் மழைத்தண்ணீரோடு சேர்ந்து சட்டையெல்லாம் இறங்கியது. அவர் தலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"ஏட்டி, என்னைய அடிச்ச கையால ஆட்டை அடி! படுத்துச்சுன்னா செத்துரும்!"

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. எனக்குத்தான் அடிக்கக் கை வரவில்லை. நசுங்கிச் செத்த ஒரு கிடாவை மடியில் போட்டுக்கொண்டு சேற்றில் உட்கார்ந்து அழுதேன். அண்ணாச்சி என் விலாவில் ஓர் உதை விட்டார். "உனக்குத் தனியா வேற சொல்லணுமாலே?" அதன்பிறகு மூன்று பேரும் மழை ஓயும்வரை அடித்தோம், உதைத்தோம், காதைத் திருகினோம், வாலை முறுக்கினோம். ஓர் ஆட்டையும் படுக்கவிடவில்லை. நசுங்கியவை போக மற்றதெல்லாம் பிழைத்தது. அந்தச் சினையாடும் பிழைத்தது.

மழை விட்ட பிறகு அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வேப்பெண்ணெயை எடுத்து ஒவ்வோர் ஆட்டின் அடிபட்ட தடிப்பிலும் தடவினார். தடவும்போது அழுதார். அவர் அழுது நாங்கள் பார்த்தது அன்றுதான். "பனியில ஒரு கழுதை படுத்துச்சு. பாவம், செத்த நேரம் கெடக்கட்டும்னு கம்பளியப் போத்திவிட்டேன். பொறவு அது எந்திரிக்கவே இல்ல. அடிச்சிருந்தா பொழச்சிருக்கும். எரக்கப்பட்டுக் கொன்னுட்டேன்" என்றார். பேச்சி அவர் காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எதுவும் அவர் இல்லாமல் நடந்ததில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது ராஜபாளையத்தில், ஆஸ்பத்திரியில். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் யார் கூப்பிட்டும் திரும்பவில்லை. கஞ்சியும் இறங்கவில்லை. பேச்சி கெஞ்சிப் பார்த்தாள். பிறகு பொறுக்கமாட்டாமல் அவர் தோளில் ஓங்கி அடித்தாள். "எந்திரிங்க அண்ணாச்சி! படுத்தா செத்துரும்னு நீங்கதான சொன்னிய!" நர்ஸ் ஓடிவந்தார். அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். மறுபடி ஓங்கியிருந்த அவள் கையைப் பார்த்தார்.

"படுத்துக்கிடுதேன் தாயி. இது மழை இல்ல."

பேச்சி கையை இறக்கினாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிவிட்டு, அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

மழைக்குளிரில் படுத்த ஆட்டை இரக்கம் பார்க்காமல் அடித்து எழுப்பும் கை என்னிடம் இருக்கிறது. அது அவர் கொடுத்தது. அது மட்டும்தான் அவர் கொடுத்தது என்று போன வாரம்வரை நினைத்திருந்தேன். போன வாரம் எங்கள் கிடையிலேயே மூத்த ஆடு தழையை மோந்துகூடப் பார்க்காமல் படுத்துவிட்டது. பழக்கத்தில் கம்பை எடுத்துக்கொண்டு போனேன். பேச்சி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கம்பக் கீழ போடுங்க. வெயிலுதான அடிக்கி" என்றாள்.

போட்டுவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.