இரண்டு நாற்பதுக்குக் காலியாகும் பைகள்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன். இப்போது நான் இருக்கிற நிலைமையில் உங்களை நம்பவைப்பது என் கடைசி வேலை. ஆனால் இதில் ஒரு வரிகூட நான் கற்பனையாகச் சேர்த்ததில்லை.

நாங்கள் நான்கு பேர். நான், கணவர், பன்னிரண்டு வயதுப் பையன், எட்டு வயதுக் குட்டி. ஆளுக்கு ஒரு பையோடு ஆசியாவைச் சுற்றக் கிளம்பிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஊரில் ஒரு மாதம், மிஞ்சிப்போனால் ஒன்றரை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் முழுக்க ஒரு டேப்லட்டுக்குள் அடக்கம். காலை பத்து மணிக்கு வகுப்பு, நான்தான் டீச்சர். கணக்கு என்றாலே குட்டிக்கு வயிற்றுவலி வந்துவிடும். தங்கிய வீடுகளைப் பற்றி இணையத்தில் விமர்சனம் எழுதுவது கணவரின் இலாகா. ஐந்து நட்சத்திரத்தை ஏதோ சொத்தில் பங்கு பிரித்துக் கொடுப்பதுபோலக் கொடுப்பார். ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் நான் எழுதினேன்.

அந்த வீட்டில் சாவி கொடுப்பது, துடைப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது எல்லாம் ஒரே பெண்மணி. நாற்பது வயதிருக்கும். நம் பாஷை பேசுவார். சாவியக்கா என்று கூப்பிடுவோம். நாங்கள் கிளம்புகிற நாள் டேப்லட்டைக் காணோம். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். கட்டி வைத்த எங்கள் பைகளை மட்டும் யாரும் தொடவில்லை. வெளியாள் என்று வந்துபோனது சாவியக்கா ஒருவர்தான். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“உங்க பையைக் கொட்டுங்க.”

“நான் எடுக்கலம்மா.”

“எடுக்கலன்னா காட்டறதுக்கு என்ன?”

சாவியக்கா முட்டி போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பொருளாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். சீப்பு. மாத்திரை அட்டை. சாப்பாட்டு டப்பா. மடித்த மாற்றுச் சட்டை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சரியாக ஒரு விரல் இடைவெளி. கடைசியில் பாக்கெட்டுகளையும் வெளியே இழுத்துவிட்டுக் காட்டினார். என் பிள்ளைகள் இரண்டும் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. பையில் டேப்லட் இல்லை. அப்போதும் எனக்கு ஆறவில்லை. டாக்ஸியில் ஏறியதும், ‘சாவி வைத்திருப்பவருக்குக் கை சுத்தமில்லை, ஜாக்கிரதை’ என்று எழுதிப் போட்டேன். மதியம் 2.40.

ஒரு வாரம் கழித்து, அடுத்த நாட்டில், டேப்லட் கிடைத்தது. குட்டியின் பைக்குள், அடியில், மடித்த மழைக்கோட்டுக்குள் இருந்தது.

“மூட்டை கட்டற அவசரத்துல உள்ள போயிருக்கும்” என்றார் கணவர்.

“எழுதினதை அழிச்சிடட்டுமா?”

“திரும்ப அந்த ஊருக்கா போகப்போறோம்? விடு.”

விட்டுவிட்டேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு மாதம் ஓடிவிட்டது. வேறு நாடு, நான்காவது மாடியில் ஒரு வீடு. ஒரு செவ்வாய்க்கிழமை, கடைக்குப் போய்விட்டு 2.50க்குத் திரும்பினோம். கதவு பூட்டியபடியே இருந்தது. உள்ளே, கணவரின் பை காலியாகக் கிடந்தது. பொருள்கள் எல்லாம் தரையில் வரிசையாக இருந்தன. பையனுக்குத் திட்டு விழுந்தது. “சத்தியமா நான் இல்லப்பா” என்று அழுதான். அந்தப் பையில் செருகியிருந்த குட்டியின் தொப்பி மட்டும் இல்லை.

புதன்கிழமை 2.40க்கு என் பை. நாங்கள் பக்கத்து அறையில்தான் இருந்தோம். என் பையில் இருந்த குட்டியின் கவுன் போய்விட்டது. நான் குனிந்து, பொருள்களுக்கு நடுவே விரலை வைத்துப் பார்த்தேன். சரியாக ஒரு விரல்.

எனக்குப் புரிந்துவிட்டது. கணவரிடம் சொன்னேன். சிரித்தார்.

வியாழக்கிழமை பையனின் பை. அதிலிருந்த குட்டியின் செருப்பில் ஒன்றைக் காணோம். அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை.

மிச்சம் இருந்தது குட்டியின் பை.

வெள்ளிக்கிழமை கணவரும் பையனும் வேறு வீடு பார்க்கப் போயிருந்தார்கள். குட்டியின் பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி கூடத்தில் உட்கார்ந்தேன். குட்டி என் பக்கத்தில், தோளில் சாய்ந்திருந்தாள். வெளியே சுள்ளென்று வெயில். கீழே தெருவில் யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

2.38. மின்விசிறி நின்றது.

2.39. படிக்கட்டில் சாவிக்கொத்துச் சத்தம்... க்ளிங்... க்ளிங்... அவசரமே இல்லாமல் ஏறி வந்தது.

எங்கள் கதவுக்கு வெளியே நின்றது.

தாழ்ப்பாள் போட்ட கதவு. அது திறக்கவில்லை.

ஆனால் என் மடியில் இருந்த பை... லேசாகிக்கொண்டே வந்தது.

ஜிப் மூடித்தான் இருந்தது. என் கைகள் அதைச் சுற்றித்தான் இருந்தன. கொஞ்சம் கொஞ்சமாக... வெறும் துணியானது.

தோளில் சாய்ந்திருந்த பாரமும் இல்லை.

“குட்டி!”

உள்ளறைக்கு ஓடினேன்.

தரையில் வரிசை. தொப்பி. கவுன். ஒற்றைச் செருப்பு. நோட்டு. மழைக்கோட்டு.

அப்புறம் ஒரு விரல் இடைவெளி.

அப்புறம் குட்டி.

முட்டி போட்டிருந்தாள். போட்டிருந்த கவுனின் பாக்கெட் வெளியே தொங்கியது.

“சோதனை போடறாங்கம்மா...”

“யாரு?”

“நான் எடுக்கலன்னு சொன்னேன். நம்ப மாட்டேங்கறாங்க.”

அவளை அள்ளித் தூக்கினேன். உடம்பு ஐஸாக இருந்தது.

அன்றே விமர்சனத்தை அழித்தேன். ‘அவர் எடுக்கவில்லை, தப்பு எங்கள் மேல்தான்’ என்று புதிதாக எழுதினேன். பிறகு அந்த வீட்டு ஓனருக்குப் போன் போட்டேன். அவரும் நம் பாஷைக்காரர்தான்.

“சாவியக்கா நம்பர் வேணும் சார். மன்னிப்புக் கேக்கணும்.”



“நீங்க எழுதினதைப் பார்த்துத்தான் அவங்களை நிறுத்தினேன். அப்புறம் யாரும் வேலைக்கு எடுக்கல. மாத்திரை வாங்கக்கூட வழியில்லாம போச்சு. இந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் பஸ் ஸ்டாண்டுல விழுந்து செத்துட்டாங்கம்மா.”

எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை.

“அன்னிக்குக் காலைல எனக்குப் போன் பண்ணாங்க. ‘அதை மழைக்கோட்டுக்குள்ள வெச்சது அந்தச் சின்னப் பொண்ணு. ஜன்னல் துடைக்கும்போது என் கண்ணால பார்த்தேன். சொன்னா அவங்கம்மா அடிப்பாங்களேன்னு வாயை மூடிக்கிட்டேன். அவளே சொல்லுவான்னு பார்த்தேன், சொல்லல. என் பொழப்பே போச்சு. இனி அவ வாயால வர்றவரைக்கும் விடமாட்டேன்’னாங்க. ஏதோ கோவத்துல பேசறாங்கன்னு நெனச்சேன்.”

மழைக்கோட்டைப் பற்றி நாங்கள் ஓனரிடம் மூச்சே விட்டதில்லை.

அதற்குப் பிறகு மூன்று ஊர் மாறியும் 2.40 எங்களை விடவில்லை. தினமும் குட்டியை மடியில் வைத்துக் கேட்கிறேன். அடிக்க மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். அவள் என் முகத்தை நேராகப் பார்த்து, “நான் எடுக்கலம்மா” என்கிறாள்.

இன்றும் அதையேதான் சொன்னாள். இப்போது மணி 2.31.