தம்பிக்கு முன்வரிசை நாற்காலி

முப்பது வருஷமாகக் கேபரே விடுதியில் ஆடிப் பாடும் அவளைச் சரவெடி என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் நிற்காது. அவளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க ஒரு குழு வந்து பத்து நாளாகிறது. ஸ்பாஞ்சை வெட்டி இடுப்புக்கு வைத்துக்கொள்வது, தாடி நிழல் தெரியாமலிருக்க ஆரஞ்சு லிப்ஸ்டிக்கைத் தேய்த்து மேலே பவுடர் அப்புவது என்று எல்லாவற்றையும் கேமராவுக்குக் காட்டினாள். மறைத்து மறைத்து வாழ்ந்ததெல்லாம் பதினேழு வயதோடு சரி.

அதற்கு முடிவு கட்டியவன் தம்பி. தூங்கிக்கொண்டிருந்தவள் மேல் ஏறி உட்கார்ந்து, பெண்போல் முடி வளர்த்ததற்கு அப்பா மொட்டையடித்து முடிக்கும்வரை கைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டான். சிரித்துக்கொண்டே பிடித்தான். அன்றைக்கே வீட்டை விட்டு வந்தவள் அப்பாவை என்றைக்கோ தலைமுழுகிவிட்டாள். அந்தச் சிரிப்பை மட்டும் மன்னிக்கவில்லை. எதற்கு மன்னிக்க வேண்டும்?

அதே தம்பி மத்தியான ஆட்டத்துக்கு முன்னால் ஒப்பனை அறையில் வந்து நின்றான்.

"அண்ணா, படத்துல நம்ம குடும்பம் வரக் கூடாது. என் பொண்ணுக்குக் கல்யாணம் பேசியிருக்கு. அண்ணன் செத்துட்டான்னு சொல்லி வச்சிருக்கேன்."

"எப்படிச் செத்தேன்?"

"தண்ணில முழுகி."

"சரி, முழுகினவ சொல்றேன், கேட்டுக்க. முன்வரிசையில உட்காரு. நடுவுல மைக்கை நீட்டி, நான் உனக்கு யாருன்னு கேப்பேன். ஒரே ஒரு தடவை அக்கான்னு சொல்லு. அந்த இடத்தையே வெட்டச் சொல்லிடுறேன். உன் நிழல்கூடப் படத்துல வராது."

பூம்பூம் மாடு கெட்டது, அப்படித் தலையாட்டினான். முகத்தைப் படத்தில் காட்டலாம் என்று படக்குழு வாசலில் எல்லாரிடமும் வாங்கிய ஒப்புதல் தாளில், படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் சரவெடி இறங்கி வந்து மைக்கை நீட்டினாள். அந்த ஒரு சொல்லைக் கேட்க அவளுக்கு நிஜமாகவே ஆசை இருந்தது.

"நான் உனக்கு யாரு?"

அக்கம்பக்கத்து மேஜைகளைப் பார்த்தான். "இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்க."

அவ்வளவுதான். அவன் மேஜை மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு மொட்டைக் கதையை அவிழ்த்துவிட்டாள். யார் என்று சொல்லாமல், குரலை மாற்றி மாற்றி நடித்தாள். கூடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிக்காவிட்டால் மாட்டிக்கொள்வோமோ என்று அவனும் சிரித்தான். அச்சு அசல் அதே சிரிப்பு.

சாயங்காலம் இயக்குநர் கேட்டார்: "முன்வரிசை ஆளோட சிரிப்பு பிரமாதமா விழுந்திருக்கு. திரையில கீழே ஏதாவது எழுதணுமா?"

"எழுதுங்க," என்றாள் சரவெடி. "கூடப் பொறந்த தம்பி. கையைப் பிடிச்சிருந்தவன்."