வண்டலில் உட்கார்ந்திருந்த என்சைம்

ஐஸில் புதைத்த கோழிக்கறியின் வாசனை... எம்.எஸ்ஸி. கடைசி வருஷம் முழுக்க என் கைகளில் அதுதான்.

கறி, ஷமீம் வீட்டுக் கடையுடையது. உத்திரமேரூர் பஜாரில் அவள் அப்பாவுக்குக் கோழிக்கடை. எங்கள் இருவருக்கும் ஒரே பஸ், ஒரே காலேஜ், ஒரே ப்ராஜெக்ட். ஐஸ் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு காஞ்சிபுரம் போவோம்.

கறியை அரைத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, மேலே தெளியும் நீரில் ஆல்டோலேஸை அளக்க வேண்டும். செல்லுக்குள் சர்க்கரையை உடைக்கும் என்சைம்களில் ஒன்று அது. செல்லின் நீரில் கரைந்து மிதக்கிறது என்றுதான் படித்திருந்தோம்.

உப்பு சேர்க்காத கரைசலில் அரைத்த அன்று, தெளிந்த நீரில் என்சைம் ஏறக்குறைய இல்லவே இல்லை. திரும்பச் செய்தாலும் அப்படியே.

"கறி கெட்டுப்போயிருக்கும்மா. வேற தலைப்பு எடுத்துக்குங்க" என்றார் எங்கள் கைடு.

வைவா தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஷமீமுக்கு வந்தது கோபம்.

"எங்க கடை கறியா கெட்டுப்போச்சு? காத்தால அறுத்ததுடி! என்சைம் இன்னா, ஆவியாவா பூடுச்சு? இங்கதான் எங்கியோ கீது."

குழாயின் அடியில் படியும், வழக்கமாகக் கொட்டிவிடும் வண்டலை எடுத்து அளந்தாள். அங்கே இருந்தது... பெரும்பகுதி!

அந்த வண்டலில் உப்புக்கரைசல் கலந்து மறுபடி சுழற்றினோம். என்சைம் நீருக்கு வந்துவிட்டது.

கைடு ரீடிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "செல்லுக்குள்ள எலும்புக்கூடு மாதிரி புரத இழைங்க ஓடுதும்மா. அதுல ஒண்ணு ஆக்டின். என்சைம் அதைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. உப்பு போட்டதும் பிடி விட்டுடுச்சு. இதையே எழுதுங்க."

அப்படியென்றால் செல் வெறும் தண்ணீர்ப் பை இல்லையா? யார் எங்கே இருக்கணும் என்று உள்ளே ஒரு ஏற்பாடு இருக்கிறதா? திரும்பும் பஸ் முழுக்க அதே பேச்சு. இறங்கியதும் ஷமீம் நேராகக் கடை வாசலுக்கு ஓடினாள்.

"கறி நல்லாத்தாம்பா இருந்துச்சு!"

"யாரு நல்லா இல்லன்னது?" என்று விழித்தார் அவள் அப்பா.

இன்று நான் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில். ரத்தத்தில் ஒரு என்சைம் எவ்வளவு என்று மெஷின் எண்ணைத் தருகிறது. அந்த என்சைம் எங்கே, எதைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஷமீம் வாலாஜாபாத் பக்கம் டீச்சர். போன வாரம் போன் செய்தாள்.

"நம்ம ப்ராஜெக்ட் கதைய க்ளாஸ்ல சொன்னேன், ஒரு பொண்ணு கேக்குதுடி... இழைய புடிச்சிக்கினு கீறப்போ என்சைம் வேலை செய்யுமா, சும்மா கெடக்குமா மிஸ்னு. இன்னா சொல்றது?"

அட, இதை நாங்கள் அன்று கேட்டுக்கொள்ளவே இல்லையே...

அப்போதென்றால் ஊர் வந்து சேரும்வரை பேசியிருப்போம். இப்போது அவளுக்குப் பெல் அடித்துவிட்டது, எனக்கு சாம்பிள் வந்துவிட்டது. "தெரியலடி" என்று மட்டும் சொன்னேன்.

அப்படிச் சொல்வதில் இவ்வளவு சந்தோஷம் இருந்து எத்தனை நாளாயிற்று!