மணலில் போட்ட கணக்கு

யுத்தம் முடியப்போகும் காலம். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, காலையில் இறால் விற்றுக்கொண்டு, உயர்தரப் பரீட்சைக்குத் தனியாகப் படித்தேன். ஓடத்தில் வாவியைக் கடந்தால் சோதனைச்சாவடி. அங்கே மறிக்கப்பட்ட என் அண்ணன் வீடு திரும்பவேயில்லை.

ஒருநாள் சாவடியில் கூடையைக் கிளறிய சிப்பாய், இறாலுக்கு அடியிலிருந்த கணிதப் புத்தகத்தை எடுத்தான். நான் விளங்காமல் கேள்விக்குறி போட்டிருந்த கணக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியாது. குந்தியிருந்து, குச்சியால் மணலில் வரிவரியாகச் செய்து காட்டினான். எனக்கு விளங்கிவிட்டது. பின்னால் வந்தவர்கள் அதை மிதிக்காமல் விலகிப் போனார்கள்.

பல நாளாக நான் திணறிய அந்தக் கணக்கை அன்று வீட்டில் செய்து முடித்ததும் அம்மாவின் முகம் மலர்ந்தது.

“ஆரு புள்ள சொல்லித் தந்த?”

பரீட்சையிலும் அதே மாதிரிக் கணக்கு வந்தது; சரியாகச் செய்தேன். அம்மாவுக்குத்தான் இன்னும் பதில் சொல்லவில்லை.