பக்கத்து வீட்டுப் பெண்

மருத்துவமனையில் எங்கள் குடும்பத்தை வரைந்த அந்தத் தாளில் மாமா ஒரு சதுரம், அக்கா ஒரு வட்டம். இருவரையும் சேர்த்து, அடிக்கோல் வைத்து இரண்டு கோடுகள் இழுத்தார் தாதி. மேலே தாத்தாவுக்கும் பாட்டிக்கும் நடுவில் ஒரே கோடுதான் இருந்தது. "எங்களுக்கு மட்டும் ஏன் மிஸ்ஸி ரெண்டு கோடு?" என்று மாமா மலாயில் கேட்டார். சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்களுக்கு அப்படித்தான் போடுவோம் என்றார் அவர். மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, நம்பளது டபுள் ஸ்ட்ராங் லா" என்று அக்காவின் தோளை இடித்தார். அக்கா வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவர்களுடைய ஒரே மகள், ஒன்பது வயதுப் பாப்பா, நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு, எதற்கென்று தெரியாமல் அவளும் சிரித்தாள். அந்த மருத்துவமனையில் நாங்கள் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மாமா என் அம்மாவின் தம்பி. என் அக்காவைக் கட்டிக்கொண்டவர். எங்கள் பக்கத்தில் அக்காள் மகள் தம்பிக்கு உரிமைப்பெண். கேட்காமல் விட்டால்தான் மனத்தாங்கல் வரும். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு என்னை வளர்த்தது மாமாவும் அக்காவும்தான். பீடோங் பக்கம், பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மாமா டிராக்டர் ஓட்டினார். நான் சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனேன். டாக்டரம்மா மலாயில் பாதி, ஆங்கிலத்தில் பாதி பேசுவார் என்பதால் அன்று என்னையும் உடன் அழைத்துப் போயிருந்தார்கள்.

பாப்பாவின் முழங்கையிலும் விரல் முட்டிகளிலும் குதிகாலுக்கு மேலும் மஞ்சளாகக் கட்டிகள் இருந்தன. மரு என்று நினைத்து இரண்டு வருடம் களிம்பு தடவினோம். பள்ளியில் விளையாட்டுக்குக்கூட யாரும் அவள் கையைப் பிடிப்பதில்லை. கடைசியில் பீடோங்கில் ஒரு டாக்டர் பார்த்து, இது தோல் வியாதி இல்லை, இரத்தத்தில் கொழுப்பு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கடிதம் கொடுத்தார். எலும்பும் தோலுமாக இருக்கிற பிள்ளைக்குக் கொழுப்பா என்று அக்கா அந்த டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டாள்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். இரத்தத்தில் மிதக்கும் கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்வது ஈரலின் வேலை. அந்த வேலையைச் செய்யவைக்கும் மரபணு எல்லோருக்கும் இரண்டு உண்டு, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானால் மற்றது ஓரளவு சமாளிக்கும், மாத்திரையும் கைகொடுக்கும். பாப்பாவுக்கு இரண்டுமே பழுது. நாற்பது வயதுகூட ஆகாமல், பால்வாளியோடு ரப்பர் மரத்தடியில் விழுந்து இறந்தாரே தாத்தா, அவரிடமிருந்து அது மாமாவுக்கு வந்திருக்கிறது. "வாயு" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்த அம்மாவுக்கும் வந்து, அம்மா வழியாக அக்காவுக்கும் வந்திருக்கிறது. இரண்டு பக்கமிருந்தும் வந்து பாப்பாவிடம் சேர்ந்துவிட்டது. நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். மாமா தலையைக் குனிந்து அந்த இரண்டு கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தாதி, குடும்பத்தில் எல்லோரும் இரத்தம் கொடுக்க வேண்டும் என்றார். அக்காவுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டுவிட்டு, நீங்கள் யார் என்று என் பக்கம் திரும்பினார்.

"ஜீரான்" என்றேன். பக்கத்து வீடு.

அக்கா சட்டென்று என்னைப் பார்த்தாள். மாமா பார்க்கவில்லை. "ஆமா மிஸ்ஸி, பக்கத்து வீட்டுப் பொண்ணு. நல்லாப் படிச்ச பொண்ணு. தொணைக்கு வந்துச்சு" என்று அவரே முடித்துவைத்தார்.

எனக்கு அப்போது திகாம் பத்துவில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. பெண் பார்க்க வந்த அன்றே அம்மா எதில் போனார்கள் என்று மாமியார் துருவித் துருவிக் கேட்டார், காய்ச்சல் என்று மாமா சமாளித்தார். குடும்பத்தில் இரத்தத்திலேயே வியாதி என்று ஒரு தாளில் ஏறிவிட்டால் அது தோட்டம் தோட்டமாகப் போகும் என்று பயந்தேன். இப்போது அதைக் காரணமாகச் சொல்ல வாய் கூசுகிறது. ஆனால் அன்று எனக்கு வயது இருபத்து நான்கு, கல்யாணத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. திரும்பும் பேருந்தில் மாமா என்னைத் திட்டவில்லை. "கல்யாணம் நல்லபடியா முடியட்டும்மா" என்றதோடு சரி.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சுங்கை பட்டாணியில் குடித்தனம், மாமியாரும் எங்களோடு. பாப்பாவுக்கு மாத்திரைகள் கேட்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கோலாலம்பூர் போய், இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தாள். வடக்கே திரும்பும் பேருந்தில் வந்து இறங்கி, மாமா அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவார், ஒரு வாய் காப்பிக்கு. மாமியாரிடம், "சும்மா செக்கப்" என்பார். பாப்பா எப்போதும் பாஜு கூரோங்தான் உடுத்துவாள், நீளக் கை முழங்கையை மூடிவிடும். நான் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பீசாங் கோரேங் பொரித்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் வந்து நின்று மோந்து பார்ப்பாள். "நீங்க தின்னுங்க சின்னம்மா, நான் வாசனையிலயே வயித்த ரொப்பிக்கிறேன்" என்பாள். யாரும் அருகில் இல்லாதபோது என் காதருகில் குனிந்து, "என்ன பக்கத்து வீட்டு ஆன்ட்டி, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு ஓடுவாள். ஒன்பது வயதில் கேட்டதை அவள் மறக்கவில்லை. கேலிதான் செய்தாள், குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தாலாவது எனக்குச் சொரணை வந்திருக்கும்.

அவளுக்குப் பதின்மூன்று வயதானபோது ஒரு நாள் மாமா தனியாக வந்தார். மாமியார் கடைக்குப் போயிருந்தார். காப்பி வைத்துக் கொடுத்தேன். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இருதய வால்வு இறுகிக்கிட்டே வருதாம்மா. ஈரல மாத்துனா பொழைச்சுக்குவாளாம். நாங்க ரெண்டு பேரும் குடுக்க முடியாது, எங்க ஈரலும் பழுதுதானாம். குடும்பத்துல சுத்தமான ரத்தம் உள்ளவங்க யாராச்சும் ஒரு துண்டு குடுத்தாப் போதுமாம். அது மறுபடி வளந்துருமாம்."

குடும்பத்தில் மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். பாப்பாவுக்கும் எனக்கும் ஒரே இரத்த வகை என்பதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாமா என்னைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். நான் அடுப்பைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தேன். அதற்குள் அவரே, "வெளிநாட்டுல ஒரு ஊசி ஆராய்ச்சி பண்றாங்களாம். நல்ல ஜீனை ஊசியில ஏத்தி ஈரலுக்கே அனுப்பிருவாங்களாம். அது வந்துட்டா யாரும் எதுவும் குடுக்க வேணாம்னு டாக்டரம்மா சொன்னாங்க" என்றார்.

"அப்ப ஊசியே வரட்டும் மாமா" என்றேன்.

அவர் தலையாட்டினார். காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். எனக்குக் கைக்குழந்தை இருந்தது, மாமியாருக்கு விஷயம் தெரிந்துவிடும் என்ற பயம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கத்திக்குப் பயந்தேன். என் வயிற்றைக் கிழிப்பார்கள் என்று பயந்தேன். வேறு என்ன சொன்னாலும் அது பூசி மெழுகுவதுதான்.

அதற்குப் பிறகு மாமா அந்த ஊசியைப் பற்றிப் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டார், கோயில் பூசாரியின் கல்லூரிக்குப் போகும் மகனிடம் கேட்டார். ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோதும், "ஊசி வந்துருச்சா டாக்டர்?" என்று வாசலிலேயே கேட்பாராம். இன்னும் இல்லை பக்சிக் என்று மரியாதையாகச் சொல்வார்களாம். என் வீட்டுக்கும் வருவதை நிறுத்தவில்லை. ஈரல் பேச்சை மட்டும் அவர் மறுபடி எடுக்கவேயில்லை. நான் நிம்மதியாக இருந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, உண்மையிலேயே நிம்மதியாகத்தான் இருந்தேன்.

பாப்பா பதினாறு வயதில் போனாள். காலையில் பள்ளிக்குக் கிளம்பி, சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிந்தவள் நிமிரவில்லை. செத்த வீட்டில் எல்லோரையும்விட சத்தமாக அழுதது நான்தான். மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையில் தண்ணீர் கொடுத்தார். "அழுவாதம்மா, ஒடம்புக்கு ஆவாது" என்றார். இரண்டு வருடம் கழித்து, செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டரை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேலேயே சாய்ந்து அவரும் போய்விட்டார். வண்டியை நிறுத்திவிட்டுத்தான் போனார் என்று தோட்டத்தில் இன்றைக்கும் சொல்வார்கள்.

என் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. முதன்முதலாகக் குளிக்கவைத்த நாளிலிருந்தே அவள் முழங்கையைத் தடவித் தடவிப் பார்த்துவந்தேன். சென்ற ஆண்டு, இந்த வியாதி உள்ள குடும்பங்களின் மரபணுவைப் படிக்கும் ஆராய்ச்சிக்கு இரத்தம் சேகரிக்கிறார்கள் என்று தெரிந்தபோது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்றார். எந்த வீட்டுக்குப் பயந்து மறைத்தேனோ, அந்த வீட்டு மனிதர் இவ்வளவுதான் சொன்னார்.

அதே ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சித் தாதி பழைய கோப்பை எடுத்து வைத்தார். அதே தாள். ஓரத்தில் பென்சிலால் "ஜீரானுடன் வந்தனர்" என்று மலாயில் குறித்திருந்தது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரி நான்தான் என்று சொன்னேன். அவர் எதுவும் கேட்காமல் அக்காவின் வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டார். அந்த ஊசியைப் பற்றியும் விசாரித்தேன். வெளிநாட்டில் சிலருக்குப் போட்டுச் சோதித்து வருகிறார்கள், இங்கே வர நாளாகும், வரும்போது எந்தக் குடும்பத்துக்கு எந்தப் பழுது என்பது தெரிந்திருக்க வேண்டும், அதற்குத்தான் இந்த இரத்தம் என்றார்.

முடிவு வந்தது. எனக்குப் பழுது இல்லை, ஆகவே என் மகளுக்கும் இல்லை. கணவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். ஈரல் பொருந்துவதற்கு வேறு பல சோதனைகளும் உண்டு, இப்போது எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் என்னைத் தேற்றினார். இருக்கலாம். அந்தச் சோதனைகளைச் செய்து பார்க்கக்கூட நான் போகவில்லையே.

முடிவு வந்த தாளை எடுத்துக்கொண்டு பீடோங்குக்கு அக்காவிடம் போனேன். அவள் இப்போது தனியாக இருக்கிறாள், ஒரு பள்ளியில் துப்புரவு வேலை. அப்போதுதான் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். தாளை வாங்கிப் பார்த்தாள், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். நான் சுத்தம் அக்கா, எனக்கு ஒன்றுமில்லை என்றேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்கா தாளை மடித்து என் கைப்பையிலேயே வைத்தாள்.

"நான் வந்து ஒன் கால்ல விழறேன்னுதான் சொன்னேன்டி, எத்தனையோ வாட்டி. மாமாதான் விடல" என்றாள். "கேட்டு வாங்கக் கூடாது, அவ நான் வளத்த புள்ள, அவளா வருவா பாருன்னாரு."